கதை எழுதத் தொடங்குகிறீர்களா? முதலில் உங்கள் வாசிப்பைச் சோதித்துப் பாருங்கள்

கதை எழுத வருகிறவர்களிடம் "நிறையப் படியுங்கள்" என்று சொல்லாதவர் கிடையாது. எதைப் படிப்பது, கையில் பென்சில் இருக்கலாமா, எழுதுகிற நாட்களில் எதைத் தள்ளிவைப்பது என்றெல்லாம் சொல்கிறவர்கள்தான் குறைவு. படித்தது எழுத்தில் இறங்கத்தான் செய்யும். வாக்கியத்தின் நீளம், பாத்திரம் கோபத்தில் கையை என்ன செய்கிறது, அத்தியாயம் எந்த இடத்தில் நிற்கிறது என்பதையெல்லாம் புதிதாக எழுத வருகிறவர் யோசித்து முடிவு செய்வதில்லை. எங்கோ படித்தது காதில் தங்கி, பேனா வழியாக வெளியே வருகிறது. எது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால், வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதை மாற்ற முடியும்.

அதற்கு எட்டு வாரம் போதும். தேவையானவை ஒரு நோட்டு, ஒரு சிவப்புப் பென்சில், ஒரு கறுப்புப் பென்சில், பத்துப் பதினைந்து பக்க ஜெராக்ஸுக்கான காசு, ஒரு நாளில் நாற்பது நிமிடம் படிக்கவும் நாற்பது நிமிடம் எழுதவும் நேரம்.

முதல் வேலை: கணக்கெடுப்பு

நோட்டின் முதல் பக்கத்தில், கடைசியாக முழுதும் படித்து முடித்த இருபது புத்தகங்களின் பெயரை எழுதுங்கள். அலமாரியைப் பார்க்காமல் எழுத வேண்டும். நினைவில் தங்கியவைதான் இப்போது நமக்குத் தேவை. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஐந்து குறிப்பு: எந்த மொழியில் படித்தீர்கள், நேரடி எழுத்தா மொழிபெயர்ப்பா, எந்தப் பத்தாண்டில் எழுதப்பட்டது, கதை எந்த ஊரில் நடக்கிறது, நாவலா சிறுகதையா தொடர்கதையா. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

அதற்குக் கீழே இன்னொரு வரி சேருங்கள். சாதாரண நாளில் செல்போனில் எவ்வளவு நேரம் எதையாவது வாசிக்கிறீர்கள்? பலருக்கும் இதுதான் புத்தகத்தை விடப் பெரிய வாசிப்பு. சின்னச் சின்னப் பத்தி, வரிக்கு வரி ஒரு தீர்ப்பு, கடைசியில் ஒரு குத்து என்று இரண்டு மணி நேரம் தினமும் படிப்பவரின் கதையில், எல்லாப் பத்தியும் ஒரு முத்தாய்ப்போடு முடிவதைப் பார்க்கலாம். அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் கணக்கெடுப்புக்கே பயனில்லை.

அடுத்து, நீங்கள் எழுதி முடித்து ஒரு மாதமாவது ஆன கதையிலிருந்து மூன்று பக்கம் எடுங்கள். சிவப்புப் பென்சிலால் மூன்றை மட்டும் அடிக்கோடிடுங்கள்: வாக்கியம் முடியும் சொல், பாத்திரங்களின் உடல் அசைவு, காட்சி தொடங்கும் வரியும் முடியும் வரியும். இப்போது திருத்தக் கூடாது. இந்த மூன்று பக்கத்தை மடித்து நோட்டின் கடைசியில் வைத்துவிடுங்கள். எட்டாவது வாரம் மறுபடி வேண்டும்.

இருபதில் பதினைந்து ஆங்கிலப் புத்தகமாக இருந்தால் அடுத்த பகுதியை நிதானமாகப் படியுங்கள். எல்லாமே கடந்த பத்து வருடத்தில் வந்தவை என்றால் உங்கள் வாசிப்பு எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில்தான் தொடங்க வேண்டும். ஒரே எழுத்தாளர் ஆறு ஏழு முறை வந்திருந்தால் அவரைப் படிப்பதை இந்த எட்டு வாரம் நிறுத்திவையுங்கள்.

ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் எழுதுகிறவர்களுக்கு

சென்னையில் இவர்கள்தான் அதிகம். ஆங்கில வழியில் படித்து, ஆங்கில நாவல்களிலேயே கதையின் ருசியைக் கண்டுகொண்டு, வீட்டு மொழியில் எழுத ஆசைப்பட்டு வருகிறார்கள். இதில் குறை ஒன்றும் இல்லை. காட்சி அமைப்பு, பார்வைக் கோணம் எல்லாம் அவர்களிடம் நன்றாகவே அமையும். சிக்கல் வாக்கியத்தில் வருகிறது. அதைவிட, உடலில் வருகிறது.

சிவப்புக் கோடிட்ட அசைவுகளைப் பாருங்கள். "தோள்களைக் குலுக்கினான்", "புருவங்களை உயர்த்தினாள்", "கண்களை உருட்டினாள்", "உதட்டைக் கடித்துக்கொண்டாள்" என்று வரிசையாக இருக்கிறதா? தெரியாது என்று சொல்ல சைதாப்பேட்டையில் யாரும் தோளைக் குலுக்குவதில்லை. உதட்டைப் பிதுக்குவார்கள், கையை விரிப்பார்கள். சலிப்புக்கு உச்சுக்கொட்டுவார்கள். இளக்காரத்துக்கு மோவாயைத் தோளில் இடித்துக்கொள்வார்கள். ஆச்சரியத்துக்குக் கன்னத்தில் கை வைப்பார்கள். ஆமாம் என்பதற்கே நம் தலை பக்கவாட்டில் ஆடும். படித்த அசைவு எழுத்தில் வரும்போது பாத்திரம் தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டு வேறு நாட்டு உடம்போடு நடமாடுகிறது. வாசகருக்குக் காரணம் தெரியாது. ஆனால் நம்பிக்கை போய்விடும்.

இதற்கு மருந்து புத்தகத்தில் பாதி, பஸ்ஸில் பாதி. ஒரு வாரம், நாளுக்கு மூன்று அசைவு நோட்டில் சேருங்கள். ஒன்று தமிழ்க் கதையில் கண்டது, இரண்டு நேரில் கண்டது. யார், எந்த நிலையில் என்பதும் சேர்த்து. இருபது சேர்ந்த பிறகு உங்கள் மூன்று பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது "ஒரு". ஆங்கிலத்தில் ஒருமைப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் பெரும்பாலும் ஏதாவது நின்றாக வேண்டும். தமிழுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. "ஒரு" என்றால் தமிழ் வாசகர் அந்த ஆளோ பொருளோ கதையில் மேலும் வரப்போகிறது என்று எதிர்பார்ப்பார். "ஒரு டீக்கடையில் ஒரு பெஞ்சில் ஒரு பெரியவர் ஒரு பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தார்" என்றால் நான்கு எதிர்பார்ப்பு, மூன்று ஏமாற்றம். உங்கள் பக்கத்தில் இருக்கும் எல்லா "ஒரு"வையும் அடித்துவிட்டு வாய்விட்டுப் படியுங்கள். எங்கே தடுக்குகிறதோ அங்கே மட்டும் திருப்பிப் போடுங்கள். பாதிக்கு மேல் திரும்பி வராது.

மூன்றாவது "அவன்", "அவள்". வினைமுற்றே ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்று சொல்லிவிடுவதால் எழுவாய் மாறாதவரை பெயரோ சுட்டோ தேவைப்படாது. ஆங்கிலக் காது ஒவ்வொரு வாக்கியத்திலும் அதைத் தேடும். நான்காவது செயப்பாட்டு வினை. "அவளால் கதவு மூடப்பட்டது. ஒரு கனத்த மௌனம் அறையை நிரப்பியது" என்பது மொழிபெயர்ப்பு வாடை. "கதவைச் சாத்தினாள். அதற்கப்புறம் யாரும் பேசவில்லை" என்றால் போதும்.

ஐந்தாவது, பெயருக்கு முன்னால் அடைமொழிகளை அடுக்குவது. "கிழக்குச் சன்னலின் அருகில் போடப்பட்டிருந்த நாற்காலியின் மேல் மடித்து வைக்கப்பட்டிருந்த பச்சைப் புடவை" என்று எழுதினால், புடவை வருவதற்குள் வாசகர் சன்னலை மறந்திருப்பார். ஆங்கிலத்தில் விளக்கம் பெயருக்குப் பின்னால் நீளலாம். தமிழில் பெயரெச்சம் முன்னால்தான் நிற்க முடியும், அங்கே இடம் குறைவு. உடைத்துவிடுங்கள்: "கிழக்குச் சன்னலோரம் நாற்காலி. அதன் மேல் பச்சைப் புடவை மடித்தபடி கிடந்தது."

ஆங்கில வாசிப்பை நிறுத்தச் சொல்லவில்லை. எழுத உட்காருவதற்கு முன் இருபது நிமிடம் தமிழ் உரைநடையை வாய்விட்டுப் படியுங்கள். கச்சேரிக்கு முன் தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பது போல. இதற்கென்று ஒரே புத்தகத்தை வைத்துக்கொள்ளுங்கள். அது பழைய உரைநடையாக, வாக்கியம் எளிமையாக, நீங்கள் எழுதும் விஷயத்துக்குத் தூரமாக இருக்க வேண்டும். பயணக் கட்டுரை, வாழ்க்கைச் சரித்திரம் போன்றவை பொருந்தும். விஷயம் நெருக்கமாக இருந்தால் சுருதியோடு பாட்டும் சேர்ந்து வந்துவிடும். கதைக்குக் கதை புத்தகத்தை மாற்றலாம், ஒரே கதையின் நடுவில் மாற்ற வேண்டாம்.

மொழிபெயர்ப்பு நூல்களைத் தேர்ந்தெடுக்கவும் அதே சோதனை. நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைப் பிரித்து வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டாமல், நாக்கு தடுக்காமல் பக்கம் முடிந்தால் வாங்கலாம்.

ஒரே கதையை இரண்டு முறை படிப்பது

எட்டிலிருந்து பன்னிரண்டு பக்கத்துக்குள் இருக்கும் சிறுகதை ஒன்றை எடுங்கள். முதல் முறை பென்சில் கூடாது. ஒரே மூச்சில் படித்து, புத்தகத்தை மூடிவிட்டு, நினைவிலிருந்து ஐந்து வரி எழுதுங்கள்: கண்ணில் நிற்கும் காட்சி, காதில் நிற்கும் பேச்சு, புரியாமல் போன இடம், சலித்த இடம், கடைசி வரி என்று நினைவில் இருப்பது. கடைசி வரியை அப்புறம் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். நீங்கள் நினைவில் வைத்திருப்பது பல சமயம் கடைசிக்கு முந்தைய பத்தியாக இருக்கும். கதை உங்களுக்கு உண்மையில் முடிந்த இடம் அதுதான்.

மூன்று நாளிலிருந்து ஏழு நாள் கழித்து இரண்டாம் முறை. நூலகப் புத்தகத்தில் கோடு போடாதீர்கள், ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் நான்கு குறி: காலம் தாவும் இடத்தில் "கா", பார்க்கிற கண் மாறும் இடத்தில் "க", பேச்சு தொடங்கும் இடத்தில் "பே", முதல்முறை உங்களைப் பிடித்த இடத்தில் ஒரு புள்ளி. பிறகு அரைப் பக்கத்தில் கதையின் எலும்பை எழுதுங்கள். காட்சிக்கு ஒரு வரி, அந்தக் காட்சி எத்தனை பக்கம் என்ற எண்ணோடு.

எண் முக்கியம். புதிதாக எழுதுபவர் பத்துப் பக்கக் கதையில் முதல் மூன்று பக்கத்தை ஊர், குடும்பம், பூர்வீகம் என்று செலவழித்துவிட்டு, நடக்க வேண்டியதை ஒன்றரைப் பக்கத்தில் முடிப்பார். உங்களைப் பிடித்த கதையில் அந்த விகிதம் என்ன என்று எண்ணிப் பார்த்தால், வேறு யாரும் சொல்லாமலே உங்கள் கதையில் எதை வெட்ட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

இதில் தவறு நடக்கும் இடங்கள் மூன்று. முதல் வாசிப்பிலேயே பென்சில் எடுத்தால் கதை உங்களை எங்கே பிடித்தது என்று தெரியாமலே போகும், புள்ளி வைக்க இடம் இருக்காது. அன்றைக்கே இரண்டாம் முறை படித்தால் இன்னும் கதையின் சூட்டில் இருப்பீர்கள். நாவலை இப்படி முழுதும் அலசப் பார்த்தால் நூறாவது பக்கத்தில் கைவிடுவீர்கள். நாவல் என்றால் ஒரே ஓர் அத்தியாயம் போதும், நடுவிலிருந்து எடுங்கள். முதல் அத்தியாயத்தை எல்லோரும் கவனமாகத்தான் எழுதியிருப்பார்கள். நடு அத்தியாயத்தில்தான் வேலை தெரியும்.

கையால் பார்த்து எழுதுவது

பள்ளிக்கூடப் பயிற்சி மாதிரி தோன்றும். ஆனால் வாக்கிய ஓசையைக் கற்க இதைவிட நேரடியான வழி இல்லை. ஒரு வாரத்துக்கு ஒரே எழுத்தாளர், தினம் 150 சொல், ஐந்து நாள், பேனாவால். கண் வேகமாக ஓடிவிடும், பழகிய வாக்கியத்தைத் தாண்டிக் குதிக்கும். கைக்கு ஒவ்வோர் எழுத்தும் ஒரு வேலை.

எதைக் கவனிப்பது? வாக்கியம் முடியும் சொல்லை. தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், கவனமில்லாமல் எழுதினால் பத்தி முழுதும் ஒரே ஓசையில் தட்டும்:

"முருகேசன் பஸ்ஸிலிருந்து இறங்கினான். சட்டையைச் சரிசெய்தான். டீக்கடைக்குப் போனான். டீ சொன்னான். பேப்பரை எடுத்துப் பார்த்தான்."

ஐந்து வாக்கியத்திலும் "ஆன்". இதே செய்தி இப்படியும் வரலாம்:

"பஸ்ஸை விட்டு இறங்கியதும் முருகேசன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனான். பெஞ்சில் காலைப் பேப்பர், நடுப்பக்கத்தைக் காணோம். டீ வருவதற்குள் வரி விளம்பரம் வரைக்கும் படித்தாயிற்று."

இங்கே நடந்தவை நான்கு. மூன்று செயல்கள் எச்சங்களாகக் கோக்கப்பட்டு ஒரே வினைமுற்றில் முடிகின்றன. வினையே இல்லாமல் பெயரில் நிற்கும் துண்டு ஒன்று வருகிறது. "காணோம்", "ஆயிற்று" போன்ற, ஆண் பெண் காட்டாத முடிவுகள் வருகின்றன. கூடவே, காணாமல் போன நடுப்பக்கம் கடையைக் கண்முன் நிறுத்துகிறது. தேர்ந்த கைகள் ஒவ்வொன்றும் இந்த ஓசையை உடைக்க வேறு வேறு வழி வைத்திருக்கும். ஐந்து நாள் பார்த்து எழுதினால் அந்த வழி எது என்று உங்களுக்கே பிடிபடும்.

ஆறாம் நாள், அதே 150 சொல்லின் வாக்கிய நீளங்களை மட்டும் வைத்துக்கொண்டு, முற்றிலும் வேறு விஷயத்தை எழுதுங்கள். அவர் ஏழு சொல்லில் முடித்தால் நீங்களும் ஏழில். இது உங்கள் நோட்டோடு இருக்கட்டும், எங்கும் அனுப்பாதீர்கள். அடுத்த வாரம் வேறு எழுத்தாளர், முடிந்தவரை நேர்மாறான நடை உள்ளவர். ஒரே நடையில் மூன்று வாரம் இருந்தால் கை அங்கேயே தங்கிவிடும்.

ஒரு கண்டிப்பான பழக்கம்: பிறர் வரியை நோட்டில் எழுதும்போது மேற்கோள் குறி, நூலின் பெயர், பக்க எண் மூன்றையும் எழுதுங்கள். குறியில்லாத நல்ல வரி ஒரு வருடம் கழித்துக் கண்ணில் படும்போது உங்கள் வரி என்றே தோன்றும், கதைக்குள் நுழைந்துவிடும். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் வாழ்ந்த காலமும் அதற்குப் பின் 60 ஆண்டும் பதிப்புரிமை உண்டு. சட்டத்தை விடுங்கள், இன்னொருவர் வரி உங்கள் பெயரில் அச்சாவது எழுத வந்த எவருக்கும் நேரக் கூடாது.

குறுந்தொகையைக் கதைக்காரர் படிக்கும் முறை

பழைய இலக்கியம் என்றதும் பரீட்சை ஞாபகம் வந்து பலர் விலகிவிடுகிறார்கள். கதை எழுதுபவருக்கு இவ்வளவு பயன்படும் பயிற்சிப் புத்தகம் வேறு இல்லை என்பது எங்கள் உறுதியான எண்ணம். கடவுள் வாழ்த்தை விட்டால் 401 பாட்டு, பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடி. உரையோடு படித்தால் ஒரு பாட்டுக்குப் பத்து நிமிடம். உ.வே.சாமிநாதையர் உரையோடு 1937இல் வெளியிட்ட பதிப்பு இருக்கிறது, இன்றைய எளிய உரைகளும் நூலகங்களில் கிடைக்கும்.

ஒவ்வொரு பாட்டுக்கும் கூற்று உண்டு: யார், யாருக்கு, எந்த நிலையில் சொல்வது என்ற குறிப்பு. அந்தக் குறிப்பைக் கையால் மறைத்துவிட்டுப் பாட்டையும் பொருளையும் படியுங்கள். சொல்வது தலைவியா, தோழியா, செவிலியா? கேட்பவர் யார்? ஒட்டுக்கேட்பவர் யாராவது உண்டா? தோழியிடம் சொல்வது போல வேலிக்கு அந்தப்பக்கம் நிற்பவன் காதில் விழச் சொல்வது இந்தப் பாட்டுகளில் வழக்கம். பார்வைக் கோணம் என்று இன்று பட்டறைகளில் சொல்லித்தருவது முழுதும் இந்தப் பயிற்சியில் அடங்கியிருக்கிறது. யூகித்த பிறகு கையை எடுத்துக் குறிப்பைப் பாருங்கள். பாட்டின் எந்தச் சொல் உங்களைச் சரியாகவோ தவறாகவோ அழைத்துப்போனது என்று ஒரு வரி எழுதுங்கள்.

இரண்டாவது பயிற்சி கருப்பொருள். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்ற ஐந்து திணையிலும் மரம், பறவை, விலங்கு, தொழில் எல்லாம் மனநிலையோடு கட்டுண்டு வருகின்றன. "வருத்தமாக இருந்தாள்" என்று சொல்லாமல் நாரையையும் உப்பங்கழியையும் காட்டிவிட்டு நகர்கிறது பாட்டு. உங்கள் மூன்று பக்கத்தில் உணர்ச்சிப் பெயர் வரும் வரி ஒன்றை எடுத்து, அந்தத் தெருவில் உண்மையாகவே இருக்கும் பொருள்களை மட்டும் வைத்துத் திருப்பி எழுதுங்கள். காசிமேட்டில் வலைக் குவியல், ஐஸ் பெட்டி. பெரம்பூரில் ஷிஃப்ட் முடிந்து வரும் சைக்கிள்கள். வேளச்சேரியில் மழை நின்று மூன்று நாள் கழிந்தும் சுவரில் தெரியும் தண்ணீர்க் கோடு. நாரையைக் கடன் வாங்க வேண்டாம், முறையை மட்டும் வாங்குங்கள்.

தொடர்கதையில் வளர்ந்த காது

அத்தியாயத்துக்கு அத்தியாயம் கொக்கி போட்டு முடிப்பவர்கள், அந்தக் கொக்கி எதற்குப் பிறந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். "பொன்னியின் செல்வன்" 1950 முதல் 1954 வரை வாராவாரம் இதழில் வந்தது. அடுத்த அத்தியாயத்துக்கு வாசகர் ஒரு வாரம் காத்திருந்தார். கொக்கி அந்த ஏழு நாளைத் தாங்குவதற்கானது. இன்று அதையே புத்தகமாக ஒரே வாரத்தில் படிப்பவர் காத்திருப்பு இல்லாமல் கொக்கியை மட்டும் கற்றுக்கொள்கிறார். உங்கள் நாவல் நேராகப் புத்தகமாக வரப்போகிறது என்றால், மூன்று அத்தியாயத்துக்கு ஒன்றை அமைதியாக முடித்துப் பாருங்கள். ஒரு பக்கக் கதைகளை நிறையப் படித்தவர்களுக்குக் கடைசி வரித் திருப்பம் இதே மாதிரி ஒட்டியிருக்கும். பத்துப் பக்கத்தைக் கடைசி வரிக்காகச் சுமக்க வைத்தால், திருப்பத்தை ஊகித்துவிட்ட வாசகருக்கு மிச்சம் எதுவும் இருக்காது.

பேச்சு: படித்த வட்டாரமும் கேட்ட தெருவும்

நெல்லை, கொங்கு, நாஞ்சில் நாட்டு எழுத்துகளை விரும்பிப் படிப்பவரின் சென்னைப் பாத்திரம் திடீரென்று "ஏலே" என்று கூப்பிடும். படித்த பேச்சு அவ்வளவு சுலபமாக வாயில் ஏறிவிடும். சினிமாவில் கேட்ட மெட்ராஸ் பாஷையையும் நம்பாதீர்கள், அது சிரிப்புக்காகக் காய்ச்சி இறுக்கியது.

சோதனைக்கு "கொண்டு" என்ற ஒரு சொல் போதும். பொதுப் பேச்சில் "வந்துகிட்டு இருக்கான்". வடசென்னையில் "வந்துகினு கீறான்". பிராமணக் குடும்பப் பேச்சில் "வந்துண்டிருக்கான்". உங்கள் பாத்திரம் எந்த ஒன்றைச் சொல்லும் என்று முடிவு செய்து, கதை முழுக்க அதையே சொல்கிறதா என்று பாருங்கள். காரணத்தோடு மாறலாம்: வியாசர்பாடியிலிருந்து கிண்டிக்கு வேலைக்குப் போகும் பெண் மேலதிகாரியிடம் "கிட்டு", அம்மாவிடம் போனில் "கினு". அந்த மாற்றமே அவளைப் பற்றி ஒரு பக்கம் சொல்லிவிடும். உச்சரிப்பை முழுதும் எழுத்தில் கொண்டுவர முயன்றால் வாசகர் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டிவரும். வினைமுடிவு, கூப்பிடும் சொல் என்று வரிக்கு இரண்டு அடையாளம் போதும்.

எழுதுகிற நாட்களில்

"நான்" என்று தன்மையில் கதை எழுதும்போது தன்மையில் சொல்லப்படும் நாவலைப் படிக்காதீர்கள். குரல் பலமான எழுத்தாளரை முதல் வரைவு முடியும்வரை தள்ளிவையுங்கள். முதல் வரைவுதான் எதையும் உறிஞ்சும், திருத்தும்போது அந்த ஆபத்து குறைவு. மாலையில் கவிதை, வரலாறு, அறிவியல், எதுவும் படிக்கலாம். படிப்பு எழுதும் நேரத்தை விட இரண்டு மடங்குக்கு மேல் போய், அது இரண்டு வாரம் தொடர்ந்தால், வாசிப்பு எழுதாமல் இருப்பதற்கான வசதியாக மாறிவிட்டது என்று வைத்துக்கொண்டு புத்தகத்தை மூடுங்கள்.

கதையல்லாத தாள்களையும் படியுங்கள். நிலப் பத்திரத்தில் வரும் செக்குபந்தி, அதாவது கிழக்கே யார் வீடு, மேற்கே எந்த வாய்க்கால் என்ற நான்கு எல்லை, ஒரு தெருவின் வரலாற்றையே சொல்லும். கரையோர மக்களிடம் காற்றுக்குத் திசைக்கொரு பெயர் உண்டு: வாடை, கொண்டல், கச்சான், சோழகம். இப்படிக் கிடைக்கும் சொல்லை அது வந்த வாக்கியத்தோடு எழுதி வையுங்கள். இன்றைய வழக்கில் இருக்கிறதா என்று பார்க்க, 1992இல் முதலில் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. பழைய பொருளுக்கு, சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி. ஒருவர் வாயிலாவது கேட்கும்வரை அந்தச் சொல்லை உரையாடலில் போடாதீர்கள்.

சென்னையில் எங்கே படிப்பது, எங்கே தேடுவது

எழும்பூர் கன்னிமாரா நூலகம் 1896இல் திறக்கப்பட்டது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியும் வந்துசேர வேண்டிய நூலகங்களில் ஒன்று. உங்கள் பட்டியலில் விடுபட்ட பத்தாண்டுகளை நிரப்ப இங்கே போங்கள். பெயர் தெரிந்த நூலைத் தேடும்போது பக்கத்தில் இருக்கும் பெயர் தெரியாத நூலையும் ஒரு பக்கம் படித்துப் பாருங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி உண்டு. இரண்டாம் வாசிப்பும் பார்த்தெழுதலும் செய்ய வீட்டில் இடம் இல்லாதவர்களுக்கு அது பெரிய உதவி. தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய இதழ்கள் இருக்கின்றன. இதழின் பெயர், ஆண்டு என்று என்ன வேண்டுமென எழுதிக்கொண்டு போனால்தான் நேரம் வீணாகாது. நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

திருவல்லிக்கேணி பாரதி சாலைப் பழைய புத்தகக் கடைகளில், வார இதழ்களிலிருந்து கிழித்து வீட்டில் பைண்டு செய்த தொடர்கதை கிடைத்தால் விடாதீர்கள். படமும் விளம்பரமும் அத்தியாய இடைவெளியும் அப்படியே இருக்கும். வாங்கும் முன் கடைசி அத்தியாயம் இருக்கிறதா, நடுவில் பக்கம் போயிருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். ஜனவரிப் புத்தகக் காட்சியில் பத்துச் சதவீதக் கழிவு உண்டு. அந்தக் கழிவுக்காகப் பெயர் தெரிந்தவர்களையே வாங்கிக் குவிக்காமல், கணக்கெடுப்பில் காலியாக இருந்த கட்டங்களை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போய் அதற்கு மட்டும் வாங்குங்கள்.

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு மின்சார ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். உட்கார இடம் கிடைத்தால் முதல் வாசிப்புக்கு ஒரு சிறுகதை தாராளமாக முடியும். நின்றுகொண்டு வந்தால் படிக்காதீர்கள், காதைத் திறந்து வையுங்கள்.

எட்டு வாரம்

முதல் வாரம் கணக்கெடுப்பும் அசைவுப் பட்டியலும். இரண்டாவது மூன்றாவது வாரங்களில் பார்த்து எழுதுவது, வாரத்துக்கு ஒருவர். நான்காவது, ஐந்தாவதில் வாரத்துக்கு இரண்டு சிறுகதை, இரண்டிரண்டு முறை. ஆறாவது வாரம் தினம் ஒரு குறுந்தொகைப் பாட்டு, கூற்றை மறைத்துக்கொண்டு. ஏழாவது வாரம் புதிதாக எதையும் படிக்காமல், சுருதிப் புத்தகம் மட்டும் வைத்துக்கொண்டு, புதுக் கதையின் முதல் ஆறு பக்கத்தை எழுதுங்கள்.

எட்டாவது வாரம் நோட்டின் கடைசியில் மடித்து வைத்த மூன்று பக்கத்தை எடுத்துப் புதிய ஆறு பக்கத்தின் நடு மூன்றோடு அருகருகே வையுங்கள். அதே சிவப்புப் பென்சிலால் அதே மூன்றை அடிக்கோடிடுங்கள். பிறகு இரண்டிலும் இந்த நான்கை எண்ணுங்கள்: தொடர்ந்து "ஆன், ஆள்" என்று முடியும் வாக்கியங்கள், "ஒரு", படித்த அசைவுகள், உணர்ச்சிப் பெயர்கள். இரண்டு எண்ணிக்கையையும் தேதியோடு முதல் பக்கப் பட்டியலின் கீழே எழுதுங்கள். எந்த எண் குறையவில்லையோ அந்தப் பகுதியின் பயிற்சியை மட்டும் இன்னும் இரண்டு வாரம் செய்துவிட்டு, ஆறு பக்கக் கதையின் ஏழாவது பக்கத்துக்குப் போங்கள்.